இஞ்சின் வேலையா, வண்டியை வித்துடலாமா?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு அம்பாசடரை ஸ்டார்ட் பண்ணினேன். பின்னாடி நீலப் புகை. எதிர்வீட்டு மாமி காயப்போட்டிருந்த துணியை அவசர அவசரமா எடுத்துட்டு உள்ளே போயிட்டாங்க. ஒண்ணும் சொல்லலை. சொல்லாமப் போனதுதான் கஷ்டமா இருந்தது.

வண்டி 1972 மாடல், மார்க் டூ. அப்பா 1979ல் ஒரு டாக்டர்கிட்டேயிருந்து வாங்கினது. கொஞ்ச நாளாவே 500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிச்சிட்டிருந்தது. சூடானதும் ஐடிலிங்கில் ஆயில் பிரஷர் விளக்கு கண்ணடிக்க ஆரம்பிச்சது. இனிமேல் தள்ளிப்போட முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. எஞ்சினைப் பிரிச்சு முழு வேலை பண்றதா, இல்லை வண்டியைக் கொடுத்துடறதா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய், நான் படிச்சது பாதி சரித்திரம். அதையும் சேர்த்தே சொல்லிடறேன். கார்ல ஆர்வமில்லாதவங்க நடுவுல இருக்கிற அளவுக் கணக்கைத் தாண்டிப் போயிடலாம் :-)

*

முதலில் இந்த எஞ்சின் எங்கேயிருந்து வந்தது?

1947ல் இங்கிலாந்தில் ஆஸ்டின் கம்பெனி ஏ40 காருக்காக 1200 சிசியில் ஒரு எஞ்சின் போட்டது. 1952ல் ஆஸ்டினும், மோரிஸ் கார் செய்த நஃபீல்டும் சேர்ந்து பி.எம்.சி. ஆனபோது, அந்த எஞ்சினின் வழியில் வந்த குடும்பத்துக்கு 'பி சீரிஸ்' என்று பெயர். அதைப் பெரிசு பண்ணி 1489 சிசி ஆக்கினார்கள். போர் 73.025 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர். இதென்ன ஒரு புள்ளி கணக்குன்னு தோணும். அங்குலத்தில் பார்த்தால் இரண்டே முக்காலே அரைக்கால், மூன்றரை. அவ்வளவுதான்.

1955ல் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காருக்கு இரட்டை கார்புரேட்டரோடு போன எஞ்சினும் இதுதான். 1954ல் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு குடும்பக் காருக்குப் போனதும் இதுதான். அந்த ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாவது சீரிஸ் கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவுக்கு வந்து, ஐம்பதுகளின் கடைசியில் அம்பாசடர் ஆனது. ஆரம்பத்தில் பழைய சைடு வால்வ் எஞ்சின்தான். 1959ல்தான் ஓவர்ஹெட் வால்வ் 1489 சிசி உள்ளே வந்தது. இங்கிலாந்தில் 1980ல் எம்.ஜி.பி. நின்றதோடு கார்களில் பி சீரிஸ் பெட்ரோல் எஞ்சினின் கதை முடிந்தது. நம்மூர்ல அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா ஓடிச்சு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 1800 சிசி இசுஸு எஞ்சின் வந்து இடத்தைப் பிடிச்சுது. அம்பாசடர் உற்பத்தியே 2014 மே மாசம் நின்னுபோச்சு.

இப்ப முக்கியமான விஷயம். இந்தத் தலைமுறை எஞ்சின்கள் தேயும், பிரிக்கப்படும், மறுபடி சேர்க்கப்படும் என்கிற எண்ணத்தோடுதான் வடிவமைக்கப்பட்டன. வார்ப்பிரும்பு பிளாக். சிலிண்டர் சுவரில் போதுமான சதை. கம்பெனியே ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு அளவு வகுத்துக் கொடுத்துவிடும். சிலிண்டர் தேஞ்சா கொஞ்சம் அகலமா கடைஞ்சு (அதுதான் ரீபோர்), அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டன் போட்டுக்கலாம். ஜீரோ டென், ஜீரோ ட்வென்டி, தேர்ட்டி, ஃபார்ட்டி. இதெல்லாம் அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு. பட்டறையில் 'தவ்' என்பார்கள். ஒரு தலைமுடி சுமாரா மூணு தவ் இருக்கும்னு வெச்சுக்குங்க.

கிராங்க் ஷாஃப்டுக்கு இதே கணக்கு தலைகீழ். அதை அரைச்சு அரைச்சுச் சின்னதாக்கி, தடிமனான பேரிங் போடுவார்கள்.

ஏன் அந்தக் காலத்தில் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது? ஏர் ஃபில்டர் சுமார், ஆயில் சுமார், ரிங் செய்த உலோகமும் சுமார். குளிர்ந்த எஞ்சினில் சோக்கை இழுத்தால் கூடுதல் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிவிடும். நம்மூர் மண்ரோட்டுப் புழுதி வேற. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெட்ரோல் ரேஷன் இருந்தபோது, மதுரை டி.வி.எஸ். கம்பெனி கரிவாயு பிளான்ட் செய்து விற்றது. பஸ் லாரியெல்லாம் அடுப்புக்கரியில் ஓடின. அந்த வாயுவோடு சாம்பல் தூசியும் எஞ்சினுக்குள்ளே போகும். சிலிண்டர் என்ன பாடு பட்டிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

*

இங்கிலாந்தில் இதுக்கு வேற வழி இருந்தது. பழைய எஞ்சினைக் கொடுத்துட்டு, ஃபாக்டரியிலேயே புதுப்பிச்ச எஞ்சினை வாங்கிட்டு வந்துடலாம். பி.எம்.சி. அதை 'கோல்டு சீல்' என்று பேர் வெச்சு வித்தது. காலையில் வண்டியை விட்டா சாயந்திரம் வேற எஞ்சினோட வீட்டுக்கு வரலாம்.

நம்ம கதை வேற மாதிரி போனது. 1928லிருந்து பம்பாயில் கார் பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954ல் மூட்டை கட்டியது. ஃபோர்டும் அதே சமயம் கிளம்பியது. காரணம், 1953ல் டாரிஃப் கமிஷன் சிபாரிசை ஏற்று அரசாங்கம் போட்ட விதி: பாகங்களை இங்கேயே தயாரிக்கும் திட்டம் இல்லாதவர்கள் வெறும் பூட்டு வேலை மட்டும் செய்ய முடியாது. மிச்சம் நின்றது உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் ஃபியட் செய்த பிரீமியர், நம்ம வண்டலூரில் ஸ்டாண்டர்டு. முப்பது வருஷம் சராசரி இந்தியனுக்குக் கார் என்றால் இந்த மூணு வீட்டுப் பிள்ளைகள்தான். 1983 டிசம்பரில் மாருதி வரும்வரை.

புதுக் கார் வேணும்னா பணம் கட்டிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கணும். அப்படிக் காத்திருக்கிற ஊரில் எவனாவது எஞ்சின் தேஞ்சதுன்னு வண்டியைத் தூக்கிப் போடுவானா? அதனால ரீபோர் என்பது நம்மகிட்ட ரிப்பேர் மட்டுமில்லை, ஒரு வாழ்க்கை முறையாவே ஆயிடுச்சு.

அதுக்கான பொருளும் இங்கேயே செய்ய ஆரம்பிச்சாங்க. அமால்கமேஷன்ஸ் குரூப்பின் அனந்தராமகிருஷ்ணன் 1949ல் சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸ் ஆரம்பித்தார். செம்பியத்தில் வார்த்த பிஸ்டன் ஊர் ஊரா ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போச்சு. எங்க கோயமுத்தூரைப் பத்திக் கேட்கவே வேண்டாம். மில்லும் பம்ப்செட்டும் வளர்த்த ஊர், லேத்துக்குப் பஞ்சமில்லை. 1920ல் பொள்ளாச்சி - பழனி ரூட்டில் ஒரே ஒரு பஸ்ஸோடு ஆரம்பிச்ச ஜி.டி.நாயுடு மாதிரியான ஆட்கள் இருந்த மண். பஸ் ஓடணும்னா பட்டறை வேணும். பட்டறை இருந்தா போரிங் மெஷினும் வந்துடும், அதை ஓட்டத் தெரிஞ்ச ஆளும் வந்துடுவான்.

*

சரி, எங்க வண்டிக்கு வருவோம்.

முதல்ல ரெண்டு பேர்கிட்ட யோசனை கேட்டேன். ஒருத்தர் பழைய வண்டி புரோக்கர். வந்து பார்த்துட்டு, "சார், அறுபதாயிரத்துக்கு ஆள் இருக்கு. சினிமாவுக்கு வாடகைக்கு விடறவங்க. இந்தப் புகைக்கெல்லாம் கவலைப்படாதீங்க. கெட்டி ஆயில் ஊத்தி ஒரு டப்பா டிரீட்மென்ட் போட்டா ரெண்டு வாரம் புகையே வராது. அதுக்குள்ள ஆர்.சி. மாத்திக் குடுத்துடலாம்" என்றார். இன்னொருத்தர், "டீசல் எஞ்சின் தூக்கி வை, அந்தக் காலத்துல மேட்டடார் எஞ்சினை எத்தனை அம்பாசடர்ல வெச்சாங்க" என்றார். அது உண்மைதான். எண்பது தொண்ணூறுகளில் டாக்ஸிக்காரங்க பாதிப் பேர் அப்படித்தான் பொழைச்சாங்க.

அப்புறம்தான் எங்க மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். எழுபது வயசு. இப்ப பட்டறையை அவர் பையன் பார்க்கிறார். இவர் வாசல்ல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்.

"விக்கறதா இருந்தாலும் வெச்சுக்கறதா இருந்தாலும், மொதல்ல கம்ப்ரஷன் பாக்கோணும் தம்பி. பாக்காம முடிவு பண்றது ரத்தம் டெஸ்ட் பண்ணாம ஆபரேசன் பண்றாப்ல."

பார்த்தோம். நாலு சிலிண்டரிலும் 95, 70, 75, 90 பவுண்டு. ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். எல்லாமே 110க்கு மேல ஏறிச்சு. "ஆயில் விட்டு ஏறுச்சுன்னா ரிங்கும் போரும். ஏறலைன்னா வால்வு. இது ரிங்கும் போரும்தான்."

"ரிங் மட்டும் மாத்தினா?"

"போட்டுக்கலாம். ஒரு வருசம் ஓடும். தேஞ்ச போர்ல புது ரிங்கு, கிழிஞ்ச வேட்டிக்குப் புதுக் கரை. எறக்கிப் பாத்துரலாமுங்களா?"

எறக்கினோம்.

ஹெட்டைத் தூக்கினதும் பிஸ்டன் தலையில் இருந்த கரியை அவர் டீசல் துணியால் துடைச்சார். கீழே எழுத்து தெரிஞ்சது. 040.

எனக்கு அப்ப அதோட அர்த்தம் முழுசாப் புரியலை. அவர் விளக்கினார். ஃபாக்டரி அளவிலிருந்து நாற்பது தவ் ஏற்கனவே கடைஞ்சாச்சு. சாதாரணமாக் கிடைக்கிற கடைசி அளவு அதுதான். (வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நாற்பது தவ் பெரிசான சிலிண்டரில் கொள்ளளவு 1531 சிசி. ஆர்.சி. புக்கில் இன்னும் 1489னுதான் இருக்கு. அரசாங்கத்துக்குத் தெரியாம எங்க வண்டி 42 சிசி வளர்ந்திருக்கு!)

கிராங்க்கை எடுத்து மைக்ரோமீட்டர் வெச்சுப் பார்த்தார். 020 அண்டர்சைஸ். ரெண்டு தவ் நீள்வட்டமாத் தேஞ்சிருக்கு. அதை 030க்கு அரைச்சுடலாம். அதுக்கப்புறம் 040ன்னு ஒரு ஆயுசு பாக்கி இருக்கும்.

"உங்கப்பா எத்தனை தடவை ரீபோர் பண்ணுனாருங்க?"

"ஒரு தடவை. எண்பத்தாறுல."

"அப்ப அதுக்கு முன்னாடி ஒருக்கா ஆகியிருக்கோணும்."

இங்கேதான் எனக்குச் சுருக்குன்னுது. வீட்டில் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமான கதை ஒண்ணு உண்டு. டாக்டர் வண்டி. ஏழு வருஷத்தில் எஞ்சின் திறக்கவே இல்லை. அந்த நம்பிக்கையில்தான் அப்பா தன் பி.எஃப். லோனைப் போட்டு 1979ல் வாங்கினார். திறக்காத எஞ்சினை 1986ல் நேரா நாற்பதுக்குக் கடைஞ்சாங்களா? அவ்வளவு தேஞ்சிருந்தா பண்ணலாம்தான். ஆனா...

அப்பா வண்டிச் செலவுக்குன்னு ஒரு நோட்டு வெச்சிருப்பார். பெட்ரோல் போட்டது, பஞ்சர் ஒட்டினது, பர்லியாரில் ரேடியேட்டர் கொதிச்சு நின்னது எல்லாம் அதில் இருக்கும். 1986 பக்கத்தில் லேத் பில் குண்டூசியால் குத்தியிருந்தது. குண்டூசி துருப்பிடிச்சுப் பேப்பரோடு ஒட்டிக்கிட்டிருந்தது. பென்சிலில் எழுதியிருக்கு: 'ரீபோர் - 020 டு 040.'

ஆக, அப்பா வாங்கும்போதே இருபது தவ் கடைஞ்ச எஞ்சின். திறந்த எஞ்சின்.

அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது பில்லைக் காட்டினேன். அப்பாவுக்கு இப்ப 83. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"தெரியும்."

"எப்பத்திலிருந்துப்பா?"

"அன்னிக்கே. லேத்துக்காரன் சொன்னான். அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே டாக்டர் தவறிட்டாரு. அந்தம்மா கிட்ட போயி இதைக் கேக்கறதா?" தட்டிலேயே கையைக் கழுவினார். "அவருக்கே தெரியாமக்கூட இருந்திருக்கலாம். டிரைவர் வெச்சிருந்தாரு. விடு."

முப்பத்தெட்டு வருஷத்துக்கு மேல அந்தக் கதையை மாத்தாமச் சொல்லிட்டே இருந்திருக்கார். எங்கம்மாகிட்டகூட சொல்லலை. ஏன்னு கேட்கலாம்னு நினைச்சேன், கேட்கலை.

*

அப்புறம் மூணு நாள் கணக்குப் போட்டேன். உங்களுக்கும் பயன்படும், அதனால விவரமாவே எழுதறேன்.

ஒண்ணு: புரோக்கர் வழி. அறுபதாயிரம் கைக்கு வரும். கெட்டி ஆயில் ஊத்தி, நாமும் ஒருத்தர்கிட்ட 'எஞ்சின் நல்லா இருக்கு'ன்னு சொல்லணும்.

ரெண்டு: வேற எஞ்சின். செகண்ட் ஹேண்ட் இசுஸு, கியர் பாக்ஸோடு, மவுண்டிங் வேலையோடு லட்சத்தைத் தாண்டுது. எஞ்சின் மாத்தினா ஆர்.டி.ஓ.வில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏத்தணும். இன்னொண்ணு, 2021ல் மத்திய அரசு வின்டேஜ் வாகன விதி கொண்டுவந்தது. ஐம்பது வயசைத் தாண்டிய வண்டியைத் தனியாப் பதிவு செய்யலாம், இருபதாயிரம் கட்டணம். ஆனா அசல் வடிவில், பெரிய மாற்றம் இல்லாம இருக்கணும். அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி மாதிரி விஷயத்துக்குத்தான். எனக்கு இப்போதைக்கு அது வேண்டாம். சாதாரணப் பதிவையே ஐந்து வருஷத்துக்கு ஒருதடவை புதுப்பிச்சுக்கிறேன். (இருபது வருஷம் தாண்டின காருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் பத்தாயிரம் ஆக்கிட்டாங்க, கவனிங்க.) ஆனா வருங்காலத்தில் அந்தக் கதவைச் சாத்திடக் கூடாதுன்னு பட்டது. கம்பெனி பிளாக்கோடு இருந்தால் நல்லது.

மூணு: அறுபது தவ்வுக்குக் கடையறது. அண்ணன் உடனே தலையாட்டிட்டார். "செவுரு மெலிஞ்சா சூடேறும். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறுனீங்கன்னா பர்லியாருக்குள்ள நாலு தடவை நிக்கோணும்."

நாலு: ஸ்லீவ். நாலு சிலிண்டரையும் நல்லா அகலமாக் கடைஞ்சு, உள்ளே புது வார்ப்பிரும்புக் குழாயை பிரஸ்ஸில் அழுத்தி இறக்கி, அதைப் பழைய ஃபாக்டரி அளவுக்கே கடையறது. 1531 மறுபடி 1489 ஆகும். ஸ்டாண்டர்டு பிஸ்டன் போட்டுக்கலாம். அதுக்கப்புறம் ஜீரோ டென்னிலிருந்து மறுபடி கணக்கு ஆரம்பம். கிராங்க் மட்டும் 030.

இதோட ஹெட்டில் ஒரு வேலை சேர்ந்துக்கிட்டது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்திட்டாங்க இல்லையா? நம்ம உடம்புக்கு அது நல்லது. ஆனா ஈயம் இந்தப் பழைய ஹெட்டில் வால்வு சீட்டுக்கு ஒரு மெத்தை மாதிரி இருந்தது. அது இல்லாம எக்ஸாஸ்ட் சீட் கொஞ்சம் கொஞ்சமா உள்வாங்கும். டாப்பெட் இடைவெளி தானாவே குறைஞ்சுட்டே வந்ததுக்குக் காரணம் இப்பத்தான் புரிஞ்சது. கடின உலோகத்தில் சீட் இன்சர்ட் போட்டுடறதுன்னு முடிவு. இப்ப வர்ற இருபது சதவீத எத்தனால் பெட்ரோலுக்காக கார்புரேட்டர் டயாஃப்ரம், பெட்ரோல் ஹோஸ் எல்லாமும் மாத்தியாச்சு.

மொத்த எஸ்டிமேட் 68,000. அதாவது வண்டியோட விலையைவிட எட்டாயிரம் அதிகம்.

காகிதத்தில் இதுக்கு நியாயமே இல்லை. எங்க வீட்டம்மா அதைச் சரியாச் சுட்டிக்காட்டினாங்க. "உன் சம்பளம், உன் வண்டி. ஆனா மாமா ஓட்டப் போறதில்லை, நீ மாசம் ரெண்டு தடவை எடுப்ப. யாருக்காக?"

நல்ல கேள்வி. நேர்மையாச் சொன்னா பாசம் மட்டும் காரணமில்லை. புரோக்கர் சொன்ன ரெண்டு வாரக் கணக்கு என்னை உறுத்திட்டே இருந்தது. அந்த 020 எழுத்தை எண்பத்தாறில் எங்கப்பா பார்த்த மாதிரி, நாளைக்கு யாரோ ஒருத்தர் 040ஐப் பார்ப்பார். பார்த்துட்டு என் பேரைச் சொல்லுவார். உண்மையைச் சொல்லி வித்தா இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல போகாது, உடைக்கத்தான் எடுப்பாங்க. அந்த விலைக்குக் கொடுக்கிறதைவிட 68,000 போட்டு இன்னும் இருபது வருஷம் ஓட்டறது எனக்கு நஷ்டமாத் தெரியலை. உங்களுக்குத் தெரியலாம். பிளாக்கில் விரிசல் இருந்தாலோ, கிராங்க் ஏற்கனவே 040ல் இருந்தாலோ நானும் வேற முடிவுதான் எடுத்திருப்பேன். அதனாலதான் சொல்றேன், பிரிச்சு அளவு பார்க்காம முடிவு பண்ணாதீங்க.

*

லேத்தில் ஸ்லீவ் இறக்கின அன்னிக்கு அப்பாவையும் கூட்டிட்டுப் போனேன். போரிங் மெஷின் ரொம்ப மெதுவா இறங்குது, சுருள் சுருளா இரும்புத் தூள். ஒரு சிலிண்டருக்கே ரொம்ப நேரம் ஆச்சு. அப்பா நின்னுக்கிட்டே பார்த்தார். ஸ்டூல் கொடுத்தும் உட்காரலை.

பழைய பிஸ்டன் நாலையும் பழைய இரும்புக்குப் போட வெச்சிருந்தாங்க. அப்பா ஒண்ணை எடுத்து வேட்டி முனையில் துடைச்சு, 040 எழுத்தை விரலால் தடவிட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்துட்டார். இப்ப அவர் மேஜையில் பேப்பர் வெயிட்.

வண்டி ஓட ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு. ரன்னிங் இன் நடக்குது, ஐம்பதுக்கு மேல போறதில்லை. முதல் 500 கிலோமீட்டரில் ஆயில் மாத்தி, ஹெட் போல்ட்டு மறுபடி டைட் வெச்சாச்சு. டாப்பெட் பார்த்தாச்சு. நீலப் புகை இல்லை. மாமி துணி அப்படியே கொடியில் இருக்கு.

நேத்து நோட்டில் புதுப் பக்கம் போட்டேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். 'பிளாக் - நாலு ஸ்லீவ், ஸ்டாண்டர்டு. கிராங்க் - 030. ஹெட் - எக்ஸாஸ்ட் சீட் நாலு.'

"இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை ரீபோர் ஆனதையும் எழுதிடு. வாங்கறவனுக்குத் தெரியணும்" என்றார்.

எழுதிட்டேன்.